ஸ்கேனுக்கு முன்னால் காலண்டர்

வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. பிளஸ் ஒன் படிக்கிற மகளை முக்காலியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார் அம்மா. அரப்பு போட்டாயிற்று, பச்சைப்பயறு மாவும் போட்டாயிற்று. பின்கழுத்துக் கருப்பு மட்டும் போகிற மாதிரித் தெரியவில்லை. பீர்க்கங்காய் நாரை எடுத்து அழுத்தித் தேய்க்கிறார்.

"கழுத்தைத் தேய்ச்சுக் குளிடின்னு எத்தனை வாட்டி சொல்றது? எவ்ளோ அழுக்கு பாரு!"

"எரியுதும்மா, விடும்மா..."

தோல் சிவந்ததுதான் மிச்சம். கருப்பு அப்படியே இருக்கிறது.

இந்தக் காட்சி நடக்காத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. அந்த அம்மாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடும்போது கழுத்து, அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் தோல் வெல்வெட் மாதிரித் தடித்துக் கருக்கும். தோல் மருத்துவர்கள் இதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாரால் தேய்த்து அதை எடுக்க முடியாது.

அதே பெண் பத்து நாளைக்கு ஒருமுறை தெருமுனை பியூட்டி பார்லருக்குப் போகிறாள். புருவத்துக்கு மட்டுமில்லை, தாடைக்கும் சேர்த்துத் த்ரெடிங். பார்லர் அக்காவுக்கு அது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. கன்னத்துப் பருவைப் பார்த்து, "உடம்பு சூடு, இளநீர் குடி" என்கிறார் பாட்டி. கடைசியாக மாதவிலக்கு வந்தது எப்போது என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் வராமல் இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தொல்லை இல்லாமல் இருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கவும் கூடும்.

கழுத்து அம்மாவின் கண்ணில், தாடை பார்லர் அக்காவின் கண்ணில், பரு பாட்டியின் கண்ணில், தேதி மகளின் மனசில். நான்கையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. அப்படி யாராவது சேர்த்துப் பார்க்கிற அன்றைக்குத்தான் பி.சி.ஓ.எஸ். என்ற நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அந்த நாள் வந்து சேர எத்தனை வருடம் ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த 1,385 பெண்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2017-ல் வெளியானது. மூன்றில் ஒருவருக்கு நோயின் பெயர் தெரியவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஏறக்குறைய பாதிப் பேர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது என்றார்கள். மருத்துவ வசதி மிகுந்த ஊர்களிலேயே இதுதான் நிலைமை.

பெயரே பிழை

பி.சி.ஓ.எஸ். என்றால் பாலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம். நம் பக்கத்தில் 'சினைப்பை நீர்க்கட்டி' என்கிறோம். இந்தப் பெயரால் வந்த துன்பம் கொஞ்சநஞ்சமில்லை. கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே வீடு பதறிவிடுகிறது. ஆபரேஷன் பண்ணணுமா, கேன்சரா, கர்ப்பப்பையை எடுத்துருவாங்களா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் அதற்கும் முன்னால் வந்து நிற்கும்.

அவை கட்டிகளே இல்லை. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் சில நுண்பைகள் வளரத் தொடங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கருமுட்டை. அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கிப்போகும். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு எதுவும் முந்துவதில்லை. எல்லாமே 2 முதல் 9 மில்லிமீட்டருக்குள் வளர்ச்சி நின்று, சினைப்பையின் ஓரத்தில் முத்து கோத்தது போல வரிசையாக நிற்கும். ஸ்கேனில் தெரிவது இந்தப் பாதியில் நின்ற பைகள்தான். நிஜமான நீர்க்கட்டி வேறு. அது பெரிதாக வளரும், சில சமயம் முறுக்கிக்கொண்டு வலிக்கும், அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு நாம் குழம்பிக் கிடக்கிறோம்.

பெயர் வந்த வழியும் அப்படித்தான். 1935-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஸ்டெயின், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு வருவதில்லை, சினைப்பை பெரிதாக இருக்கிறது. வயிற்றைத் திறந்து சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் ஏழு பேருக்குமே மாதவிலக்கு வந்தது, இரண்டு பேர் கருத்தரித்தார்கள். மருத்துவ உலகின் கண் சினைப்பையிலேயே நிலைத்துவிட்டது. அதற்குப் பதினான்கு வருடம் முன்னால், 1921-ல், பிரான்சின் அஷார், தியர்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 'தாடி வளர்ந்த பெண்களின் சர்க்கரை நோய்' என்று ஒன்றை விவரித்திருந்தார்கள். முகத்து முடிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். அந்தத் தொடர்பு பல காலம் விட்டுப்போய்விட்டது. இந்தப் பெயர் ஆளைத் திசைதிருப்புகிறது, மாற்ற வேண்டும் என்று 2012-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே சொன்னது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பெண்கள் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. கூடிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதிகம் உண்டாக்க வைக்கிறது. ரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் செய்கிறது; இன்சுலின் அதையும் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஹார்மோன் தாடையில் முடியாகவும் கன்னத்தில் பருவாகவும் தெரிகிறது. முட்டை முதிராமல் நிற்கிறது. முட்டை வெளிவராததால் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. கழுத்துக் கருப்புக்கும் தள்ளிப்போகும் தேதிக்கும் உள்ள உறவு இதுதான்.

வருஷத்துக்கு எத்தனை தடவை?

என் சித்தி மகள் ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று கேலி பேசுவோம். காலேஜ் படிக்கும்போதே அவளுக்கு மாதவிலக்கு தவறித் தவறித்தான் வரும். முதலில் பார்த்த டாக்டர், ரத்தம் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாவது டாக்டர், "கல்யாணம் பண்ணி வையுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். பண்ணி வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வளைகாப்பு வீடுகளுக்குப் போவதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவதாகப் பார்த்த பெண் மருத்துவர் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா, உனக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை பீரியட்ஸ் வருது?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். பொங்கலுக்கு முன்னால் ஒன்று. பங்குனி உத்திரத்தன்று கோயிலுக்குப் போக முடியாமல் போனது ஒன்று. நாத்தனார் கல்யாணத்தில் ஒன்று. ஆயுத பூஜை சமயத்தில். பிறகு மார்கழியில். ஐந்து.

"ஐந்து" என்று வாய்விட்டுச் சொன்னதும் அவளே திடுக்கிட்டுப்போனதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அதுவரை ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த மருத்துவர் செய்ததுதான் சரியான முறை. உலகம் முழுக்க இன்று பின்பற்றப்படுவது, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஹெலனா டீட் தலைமையில் உருவான சர்வதேச வழிகாட்டுதல். 2018-ல் வந்தது, 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. அது ஆதாரமாக வைத்திருப்பது 2003-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் என மூன்று அடையாளங்கள். வளர்ந்த பெண்ணுக்கு இந்த மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோய் எதுவும் காரணமில்லை என்று உறுதியானால் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். மாதவிலக்கும் தவறுகிறது, முகத்தில் முடியும் இருக்கிறது என்றால் அங்கேயே இரண்டு ஆகிவிட்டது. மற்ற நோய்களை விலக்கினால் போதும். நோயைச் சொல்வதற்கு ஸ்கேன் தேவையே இல்லை. புதிய வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. நம் ஊரிலோ வாசல்படி ஏறியதும் முதலில் ஸ்கேன்தான். அந்தத் தாளில் 'பி.சி.ஓ.' என்று எழுதியிருந்தால் நோயாளி, எழுதாவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டுமே தவறு. தொந்தரவு எதுவும் இல்லாத எத்தனையோ பெண்களுக்கு ஸ்கேனில் சினைப்பை அப்படித் தெரியும். அது மட்டும் இருந்தால் நோய் இல்லை. சினைப்பை பார்க்க நன்றாக இருந்தும் நோய் இருக்கிற பெண்கள் உண்டு.

எது ஒழுங்கில்லாத மாதவிலக்கு? வயதுக்கு வந்த முதல் வருடம் முன்பின்னாக வருவது இயல்பு. அடுத்த இரண்டு வருடம் 21 நாளுக்குள்ளோ 45 நாள் தாண்டியோ வந்தால் கவனிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகு 21 நாளுக்குக் குறைவு, 35 நாளுக்கு மேல், அல்லது வருடத்துக்கு எட்டுத் தடவைக்கும் குறைவு என்றால் ஒழுங்கில்லை என்று பொருள். முதல் வருடம் முடிந்த பிறகு, ஒரே ஒரு தடவையானாலும் சரி, 90 நாளைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலும் அப்படித்தான். 28-ஆம் நாள் டாண் என்று வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள், 33 நாளும் இயல்புதான் என்பதைத் தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

இதற்கு வேண்டியது ஒரு தினசரி காலண்டரும் பேனாவும்தான். செல்போனில் குறித்துக்கொள்ளும் செயலிகளும் இருக்கின்றன. தீட்டு, வீட்டுக்குத் தூரம் என்று ஒளித்துப் பேசியே பழகிய வீடுகளில் தேதியை எழுதி வைக்கவே பெண்கள் கூச்சப்படுகிறார்கள். வயதுக்கு வந்த அன்று ஊர்கூட்டிப் பந்தல் போட்டு, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்துக் கொண்டாடுகிறோம். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தேதியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு இது தாங்க முடியாத முரணாகப் படுகிறது.

நூல் அறுத்த தாடை

இரண்டாவது அடையாளம் ஆண்தன்மை ஹார்மோன். இதை முதலில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-ல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். அதைத் திருத்தி இன்று பயன்படுத்துகிறார்கள். மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்கை, தொடை, மேல்முதுகு, கீழ்முதுகு என ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண். கூட்டி 4 முதல் 6 வந்தாலே, அவரவர் இனத்துக்குத் தக்கபடி, அதிகம் என்று கொள்ளலாம். பூனைமுடியை எண்ணக் கூடாது, கருத்துத் தடித்த முடியை மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று பெண்கள் பளிச்சென்று போகிறார்கள். முந்தின நாளே த்ரெடிங், வேக்ஸிங் எல்லாம் முடிந்துவிடும். டாக்டர் பார்க்கும்போது தாடை வழுவழுப்பாக இருக்கும். வீட்டில் மஞ்சளும் கஸ்தூரி மஞ்சளும் வருடக்கணக்காகப் பூசியிருப்பார்கள். கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்." இந்த இடத்தில் பெண்கள் கூச்சத்தை விட்டுப் பேசத்தான் வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை நூல் போடுகிறேன், எந்த வயதில் ஆரம்பித்தேன் என்பது லேப் ரிப்போர்ட்டுக்குச் சமமான தகவல். டாக்டர்களும் "முகத்துல முடி வருதா?" என்று கேட்பதை விட, "முடியை எடுக்கிறதுக்கு ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்டால் உண்மை வரும்.

முன்வகிடு அகலமாகிக்கொண்டே போவதும் இதன் அடையாளம்தான். பருவுக்கு முக்கியத்துவம் கொடுக்கும்போது வயதைப் பார்க்க வேண்டும். பதின்வயதில் பரு யாருக்கும் வரும். 25 வயதுக்கு மேலும் தாடையோரத்தில் ஆழமாக, வலியோடு வந்துகொண்டிருந்தால் யோசிக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முகம் வெளுக்கும் என்று மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் அதுவே பருவையும் முகத்தில் முடியையும் கொண்டுவரும். அப்படி வந்ததைப் பார்த்து பி.சி.ஓ.எஸ். என்று பயப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் போகும்போது முகத்துக்குப் போடும் டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இல்லையென்றால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்தால் அளவு சரியாகத் தெரியாது. டாக்டரிடம் கேட்டு நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதுதான் முறை. அந்த இடைவெளியில் கருத்தடைக்கு வேறு வழி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன்களின் விகிதம் தலைகீழாக இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்றைய அளவுகோலில் அதற்கு இடமில்லை.

பதினாலு வயசுப் பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டாம்

கண்டுபிடிக்காமல் விடுவது ஒரு தவறு என்றால், அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவது இன்னொரு தவறு. வயதுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பிள்ளைக்கு, மாதவிலக்கு முன்பின் ஆகிறது என்று ஸ்கேன் எடுத்து, 'நீர்க்கட்டி' என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது நம் ஊரில் நடக்கிறது. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே நிறைய நுண்பைகளோடுதான் இருக்கும். அதனால்தான் பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது என்கிறது வழிகாட்டுதல். ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையை ஸ்கேனுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் சேர்த்தார்கள். அதுவும் வளர்ந்த பெண்களுக்கு மட்டும்தான்.

வளரிளம் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஹார்மோன் மிகுதி என்ற இரண்டுமே இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ். ஒன்று மட்டும் இருந்தால், 'வர வாய்ப்பு இருக்கிறது' என்று குறித்துக்கொண்டு, தொந்தரவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே காத்திருந்து, பிறகு மறுபடி பார்க்க வேண்டும். பதினாலு வயதில் "உனக்குக் குழந்தை பிறக்கறது கஷ்டம்" என்று காதில் விழுந்த ஒரு வாக்கியம் ஒரு பெண்ணை எத்தனை வருடம் வாட்டும் என்பதைச் சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை. அந்த வாக்கியம் பெரும்பாலும் பொய்யும்கூட.

ஸ்கேன் தேவைப்படுகிற பெண்ணுக்கும் எப்படி எடுக்கிறார்கள் என்பது முக்கியம். பிறப்புறுப்பு வழியாக எடுத்தால் தெளிவாகத் தெரியும். ஒரு சினைப்பையிலாவது 20 நுண்பைகளோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது இன்றைய நவீன கருவிகளுக்கான கணக்கு. ராட்டர்டாம் காலத்தில் 12 என்று இருந்ததை, கருவிகள் கூர்மையாகிவிட்டதால் உயர்த்தினார்கள். பழைய 12-ஐ வைத்துக்கொண்டு புதிய கருவியில் பார்த்தால் ஆரோக்கியமான பெண்களும் நோயாளிகள் ஆகிவிடுவார்கள். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு நம் ஊரில் வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுக்கிறார்கள். தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்கேன். அதில் பைகளைச் சரியாக எண்ண முடியாது. சினைப்பையின் கனஅளவு 10 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

அளவுகோலைப் பொறுத்து எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 18 முதல் 40 வயது வரையான பெண்களிடையே நாடு தழுவி நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. பழைய அமெரிக்க அளவுகோல்படி 7.2 சதவீதம், ராட்டர்டாம் அளவுகோல்படி 19.6 சதவீதம். இரண்டிலும் அளக்கப்பட்டது அதே பெண்கள்தான்.

விலக்க வேண்டியவை

மாதவிலக்கு தவறினால் முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். சாதாரணமாகத் தோன்றினாலும் இதை விட்டுவிட்டு மற்றதைத் தேடியவர்கள் உண்டு. அடுத்து தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., பிறகு புரோலாக்டின். அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறை ஒன்று அச்சு அசல் பி.சி.ஓ.எஸ். போலவே வேஷம் போடும். அதற்கு 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற பரிசோதனை, மாதவிலக்கின் தொடக்க நாட்களில் காலையில் எடுப்பது. வலிப்புக்குச் சாப்பிடும் வால்புரோயேட் மாத்திரையும் இதே தொந்தரவுகளைத் தரக்கூடும். பட்டினி கிடந்து எடை குறைத்த பெண்ணுக்கும் மாதவிலக்கு நின்றுபோகும். அவளுக்கு பி.சி.ஓ.எஸ். என்று சொல்லி இன்னும் எடையைக் குறைக்கச் சொல்வது ஆபத்து.

ஒன்றே ஒன்றில் தாமதம் கூடாது. சில மாதங்களுக்குள் மளமளவென்று மீசை, தாடி முளைத்து, குரலும் கட்டையாக மாறினால் அது ஹார்மோன் சுரக்கும் கட்டியாக இருக்கலாம். பி.சி.ஓ.எஸ். அப்படித் திடீரென்று வருவதில்லை. வயதுக்கு வந்த காலத்திலிருந்து மெல்ல மெல்ல வருவது. உடம்பில் ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போவது, உட்கார்ந்தால் எழ முடியாமல் தொடை வலுவிழப்பது ஆகியவையும் வேறு நோயைக் காட்டும்.

பி.சி.ஓ.டி. வேறு, பி.சி.ஓ.எஸ். வேறு, முன்னது லேசு, பின்னது தீவிரம் என்று ஒரு பேச்சு நம்மிடையே பரவியிருக்கிறது. சர்வதேச வழிகாட்டுதலில் அப்படி இரண்டு நோய்கள் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டது பி.சி.ஓ.டி. என்றால், எந்த இரண்டு அடையாளங்களை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது நோயாளியின் உரிமை.

பெயர் வைத்த பிறகு

நோயின் பெயர் தெரிந்ததும் பாதி வேலைதான் முடிந்தது. பெரும்பாலான வீடுகள் அங்கேயே நிறுத்திவிட்டு, குழந்தை எப்போது என்ற ஒரே கேள்விக்குத் தாவிவிடுகின்றன. உண்மையில் அன்றைக்கே பார்க்க வேண்டியது சர்க்கரை. ஒல்லியோ பருமனோ, பி.சி.ஓ.எஸ். உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம். என் சித்தி மகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சுத்தமாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து 158. அது 140-க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்திருந்தால், ஒல்லியான அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய் வாசலில் நிற்பது தெரிந்தே இருக்காது. ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். கொழுப்பும் ரத்த அழுத்தமும் கூடவே.

தெற்காசியர்களான நமக்கு எடைக் கணக்கும் வேறு. பி.எம்.ஐ. 25 வரை சரி என்பது நமக்குப் பொருந்தாது. 23-லேயே எடை கூடுதல்தான். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும்.

மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட இவர்களுக்குக் கூடுதல். மொத்தத்தில் பார்த்தால் அது மிகச் சிலருக்கே வருகிறது. அதைத் தடுக்க மாத்திரையும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருப்பதை வசதி என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மனதையும் சொல்ல வேண்டும். மன அழுத்தமும் பதற்றமும் இந்தப் பெண்களிடம் அதிகம். அதைக் கேட்டுப் பார்ப்பதும் நோயறிதலில் ஒரு பகுதி என்று வழிகாட்டுதலே எழுதியிருக்கிறது. "சாப்பாட்டைக் குறை, குண்டாயிட்டே போற" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்வது வைத்தியம் ஆகாது. இன்சுலின் கூடுதலாக ஓடும் உடம்பில் எடை ஏறுவது சுலபம், இறங்குவது கஷ்டம். அவள் சோம்பேறி இல்லை.

சிகிச்சை பற்றி இரண்டு வரி. மாதவிலக்கை ஒழுங்காக்க ஹார்மோன் மாத்திரை, இன்சுலினுக்கு மெட்ஃபார்மின், உடற்பயிற்சி, எடை கூடியவர்களுக்கு அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைவது. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு முட்டையை முதிரவைக்க லெட்ரோசோல் என்ற மாத்திரைதான் இன்று முதல் தேர்வு. என் சித்தி மகள் இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளைக்குத் தாய். சர்க்கரையை வருடா வருடம் பார்த்துக்கொள்கிறாள்.

பிளஸ் ஒன் படிக்கும் மகளின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாரைக் கீழே வையுங்கள், அவள் கழுத்து புண்ணாகிறது. தலையைத் துவட்டிவிடும்போது கடைசியாக எப்போது வந்தது என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அவள் சொல்லும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டுக் குறியுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், அந்தக் காலண்டரையும் எடுத்துக்கொண்டு அவளோடு டாக்டரிடம் போங்கள். வெறும் வயிற்றில் போங்கள், சர்க்கரையையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.